மிருதங்கம் கட்டுவோர்

கர்நாடக இசையின் முதன்மைத் தாளக்கருவியான மிருதங்கத்துக்குத் தோல் தேர்ந்து, மூட்டு தைத்து, வார் பிடித்து, நாதம் சேர்க்கும் கைவினைஞர்கள். தமிழகத்தில் இவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களும் உண்டு. மேடையில் வாசிப்போரிடையே பிராமணர்களே மிகுதி. கட்டுபவரின் பிள்ளை கச்சேரியில் பக்கவாத்தியமாக அமர்வது இன்றும் அரிது.

பலா மரத்தில் கடைந்த கட்டைக்கு மேல் நடப்பதெல்லாம் தோல்வேலை. மாடு, ஆடு, எருமை ஆகிய மூன்றின் தோலும் இதற்கு வேண்டும். இழுத்துக் கட்டும் வார் எருமைத்தோல். வலப்பக்கத் தோல்முகமான வலந்தலையின் நடுவிலுள்ள கரிய வட்டத்துக்குச் சாதம் என்று பெயர். கிட்டான் என்னும் கல்லைப் பொடித்து, குழைந்த சோற்றோடு பிசைந்து, மெல்லிசாகத் தடவி, கல்லால் தேய்த்து, அது இறுகியபின் அடுத்த பூச்சு போடுவார்கள். இப்படியே படலம் படலமாக ஏற்ற வேண்டும். அளவு பிசகினால் நாதம் கெடும். அதைக் காதால் கேட்டுத் திருத்துபவரும் கட்டுபவரே. இவ்வளவு செவிஞானத்தையும் வெறும் கைவேலை என்று ஒதுக்கியது பெரும் அநீதி.

விலங்கின் தோலோடு புழங்குவது தீட்டு என்ற சாதிய எண்ணமே இதன் வேர். அதே தோல் மிருதங்கமானதும் சரஸ்வதி பூஜையில் பொட்டிட்டு வணங்கப்படுகிறது. கட்டியவரோ பல வீடுகளில் வாசலோடு நிறுத்தப்பட்டார்.

மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் (1912–1981) 1966இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவருக்குப் பல ஆண்டுகள் மிருதங்கம் கட்டியவர் தஞ்சாவூர் செபாஸ்டியனின் மகன் பர்லாந்து. நாதத்துக்காக இருவரும் சேர்ந்தே ஓயாமல் சோதனைகள் செய்தார்கள். ஆயினும் இசை வரலாறுகள் அந்த நாதத்தை மணி ஐயர் பெயரில் மட்டுமே எழுதிவைத்தன.

செபாஸ்டியன் குடும்பத்தையும் அவர்களைப் போன்ற பிற கட்டுவோரையும் நேரில் சந்தித்துப் பாடகர் டி. எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூல் 2020இல் வெளிவந்தது. வெளியீட்டு விழாவுக்கு அரங்கு தர இசைந்திருந்த கலை நிறுவனமான கலாக்ஷேத்ரா, நூல் அரசியலையும் சாதியையும் தொடுவதாகக் கூறி அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா சென்னையிலுள்ள ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது.