எல்லைக்கு அப்பால் இருக்கும் விடை: ஓசூரும் பல அளவுகோல் முடிவெடுப்பும்

2024 ஜூன் 27 அன்று, ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமையும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். பின்னர் இந்திய விமான நிலையங்கள் ஆணையம் ஐந்து இடங்களை ஆராய்ந்து, இரண்டைச் சாத்தியமானவை என்றது. இத்தகைய தேர்வில் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்துவிடலாம். பயணிகள் எண்ணிக்கையை மதிப்பிடலாம். ஆனால் பெங்களூரு விமான நிலையத்துக்கான 2004ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, அது திறந்த 2008 மே முதல் 25 ஆண்டுகளுக்கு, மைசூரு, ஹாசன் நீங்கலாக, 150 கி.மீ. தொலைவுக்குள் புதிய விமான நிலையம் வரக்கூடாது. விலக்குக் கிடைக்குமா என்பதற்கு என்ன மதிப்பெண் இடுவது?

விடை பெங்களூருவின் கையில் இருக்கும் இந்தச் சிக்கல் ஓசூருக்குத் தொடக்கத்தில் தெரியவில்லை. 1971இல் உருவான சிப்காட், அந்தப் பத்தாண்டிலேயே இங்கே தொழில்வளாகம் அமைத்தது. அன்றைய பின்தங்கிய தருமபுரி மாவட்டத்துக்கான சலுகை, மலிவான நிலம், 40 கி.மீ. தொலைவில் பெங்களூரு: எல்லாமே சாதகம். 1980இல் அசோக் லேலண்ட் வந்தது. டிவிஎஸ்ஸும் டைட்டனும் அதே பத்தாண்டில் வேரூன்றின. பெங்களூருவின் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை ஆறு ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கத் தொடங்கியபோதுதான், அருகாமை என்பது சார்ந்திருத்தலும்கூட என்பது கண்முன் வந்தது.

இதே காலத்தில், இப்படிப் பல அளவுகோல்களை ஒன்றாக எடைபோடும் முடிவெடுப்புக் கோட்பாடும் வளர்ந்துவந்தது. 1965இல் லோட்ஃபி ஸாதே ஃபஸ்ஸி கணத்தை அறிமுகப்படுத்தினார். ‘ஏறக்குறைய பொருத்தம்’ என்பதை 0க்கும் 1க்கும் இடையில் எழுத வழி பிறந்தது. 1970இல் அவரும் ரிச்சர்ட் பெல்மனும் முன்வைத்த முறையில், ஓர் இடத்தின் தகுதியை அதன் மிகத் தாழ்ந்த மதிப்பே தீர்மானிக்கிறது. நிலத்துக்கு 0.9, சாலைக்கு 0.8, விலக்குக் கிடைக்கும் வாய்ப்புக்கு 0.2 என்று வைத்துக்கொண்டால் முடிவு 0.2. தாமஸ் சாட்டி 1970களில் வகுத்த படிநிலைப் பகுப்பாய்வு நடைமுறையில் பெரிதும் பரவியது. ஆனால் எடையிட்டுக் கூட்டும் அம்முறையில் நல்ல நிலம் ஒப்பந்தத் தடையை ஈடுகட்டிவிடுகிறது. ஓசூருக்கு அது பொருந்தாது என்பதே என் முடிவு.

1986இல் வெளியான கிராசிமிர் அதனாசோவின் கட்டுரை இன்னும் நுட்பமானது. ஆதரவு 0.3, எதிர்ப்பு 0.3 என்று எழுதி, எஞ்சிய 0.4ஐத் தயக்கமாகவே விட்டுவைக்க அது இடம் தருகிறது. தெரியாததற்குப் பாதி மதிப்பெண் போட்டு நிரப்பும் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

எனினும் இக்கோட்பாடுகள் தயக்கத்தை மதிப்பிடுபவரின் அறிவுக்குறையாகவே பெரும்பாலும் கொள்கின்றன. ஓசூரில் நிலைமை வேறு. இன்னும் பத்து வல்லுநர்களைக் கேட்டாலும் அந்த 0.4 குறையாது; விடை அவர்களிடம் இல்லை, ஒப்பந்தத் தரப்பிடம் இருக்கிறது. முன்பு உடான் என்னும் வட்டார விமானச் சேவைத் திட்டத்தில் ஓசூரில் ஏற்கெனவே உள்ள ஓடுதளத்தைச் சேர்க்க முயன்றபோதும் இதே நிபந்தனைதான் குறுக்கே நின்றது. ஆகவே ஒப்பந்தத் தரப்பின் இசைவை மதிப்பெண் பட்டியலிலிருந்து எடுத்து, வேலைகளின் வரிசையை ஆளும் நிபந்தனையாக்க வேண்டும். காற்றின் திசைப் பதிவும் மண் ஆய்வும் இன்றே நடக்கலாம். இசைவு, தடை முடியும் 2033க்கு முன் வந்தாலும் வராவிட்டாலும் அவை பயன்படும். ரோஜாவும் தக்காளியும் விளையும் நிலங்களைக் கையகப்படுத்துவது இசைவு எழுத்தில் வந்த பிறகு தொடங்க வேண்டிய வேலை.