அத்தையின் சீப்பும் மாஸ்ட் செல்லும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். பிரியாணி சாப்பிட்டுட்டு சுகமா ஒரு தூக்கம் போடலாம்னு படுத்தப்போ ஊர்லேர்ந்து அத்தான் போன்.

"மாப்ள, பாப்பா உடம்புல காபி கொட்டுன மாதிரி ஏழெட்டு திட்டு இருக்குல்ல? டாக்டர் ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தாரு. என் கையில இருக்க கட்டியையும் பாத்தாரு. அம்மாவுக்கு இருந்ததுதான் இதுன்னு சொல்லி ஒரு பேரு எழுதிக் கொடுத்துருக்காரு. நீதான் எதையாவது படிச்சுக்கிட்டே கெடப்பியே, என்னன்னு பாத்து சொல்லேன்."

அந்தப் பேரு நியூரோஃபைப்ரோமடோசிஸ், வகை 1. தூக்கம் போச்சு.

அத்தையைப் பத்தி சொல்லணும். அப்பாவோட அக்கா. கழுத்து, கை, முதுகுன்னு உடம்பு பூரா பட்டாணி சைஸ்லேர்ந்து நெல்லிக்காய் சைஸ் வரைக்கும் மெத்து மெத்துன்னு கட்டிகள். தொட்டா வலிக்காது, அமுக்கினா உள்ளே போயிட்டு வெளிய வரும். சின்ன வயசுல நான் அமுக்கி அமுக்கி விளையாடியிருக்கேன், அத்தை சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க. ஆனா பஸ்ல அவங்க பக்கத்து சீட் காலியாவே வரும். கல்யாண வீட்டுப் பந்தியில பரிமாற விடமாட்டாங்க. 'தொத்திக்கும்'னு ஊருக்கு ஒரு முடிவு. (தொத்தாது. சத்தியமா தொத்தாது.)

அத்தைக்கு கட்டியை விடப் பெரிய தொல்லை அரிப்பு. ஒரு பழைய மரச்சீப்பு வெச்சிருப்பாங்க. "மருமவனே, அந்தச் சீப்ப எடு"ன்னு கேட்டு வாங்கி முதுகைச் சொறிஞ்சுக்குவாங்க. சித்திரை வெயில்ல ராத்திரி பூரா அந்த சத்தம் கேக்கும். ஒரு டாக்டர்கிட்ட சொன்னதுக்கு, "இந்தக் கட்டி அரிக்காதும்மா, எல்லாம் மனசுதான்"னுட்டாராம். அதுக்கப்புறம் அத்தை யார்கிட்டயும் அரிப்பைப் பத்தி சொன்னதே இல்லை. அவங்க போய் ஆறு வருஷம் ஆச்சு.

அத்தானுக்குப் பதில் சொல்லத்தான் படிக்க ஆரம்பிச்சேன். ஆனா ஒரு வாரம் ஆணி எதுவும் பிடுங்காம இதுலயே உக்காந்துட்டேன். இந்தக் கட்டியோட வரலாறு ஒரு துப்பறியும் கதை மாதிரி போகுது. அதை இங்க எழுதி வைக்கிறேன்.

கதை ஜெர்மனியில ஆரம்பிக்குது. ஃப்ரீட்ரிஷ் ஃபொன் ரெக்லிங்ஹவுசன்னு ஒரு நோய்க்கூறு நிபுணர், 1833ல பிறந்தவர். அந்தக் காலத்து ஜாம்பவான் விர்க்கோவோட பெர்லின் ஆய்வுக்கூடத்துல உதவியாளரா இருந்தவர். 1863ல தவளையோட குடலைத் தாங்குற மெல்லிய சவ்வை மைக்ராஸ்கோப்ல பாத்துக்கிட்டு இருந்தப்போ, உள்ளே மணி மணியா ஏதோ நிறைஞ்ச சில செல்களைப் பாத்தார். பாத்ததை எழுதி வெச்சுட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டார். பேர் வெக்கல.

பேர் வெச்சவர் பால் எர்லிஷ். சாயப் பைத்தியம்! 1856ல பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடிச்ச பிறகு ஐரோப்பா பூரா சாயத் தொழிற்சாலையா முளைச்சுது. துணிக்குப் போடற சாயத்தை உடம்புத் திசுவுக்குப் போட்டா என்ன ஆகும்னு எர்லிஷுக்கு ஆர்வம். மாணவரா இருந்த காலத்துலயே அவர் மேஜை பூரா கலர் கலரா கறையா இருக்கும்னு அவரோட பேராசிரியர் வால்டையர் பின்னாடி நினைவு கூர்ந்திருக்கார். 1878ல, 24 வயசுல, லைப்சிக் பல்கலைக்கழகத்துல கொடுத்த ஆய்வேட்டுல எர்லிஷ் ஒரு செல்லைப் பத்தி எழுதினார். சில சாயங்களை ஊத்தினா சுத்தியிருக்க திசு ஒரு கலர்ல இருக்க, இந்த செல்லுக்குள்ள இருக்க மணிகள் மட்டும் வேற கலருக்கு மாறுது. நல்லா தின்னு கொழுத்த செல் போலன்னு நினைச்சு 'மாஸ்ட்செல்லன்'னு பேர் வெச்சார். ஜெர்மன்ல மாஸ்ட்னா ஆடு மாட்டுக்குத் தீனி போட்டுக் கொழுக்க வைக்கிறது. (ஹிந்தி 'மஸ்த்'துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை மக்களே!) காரணம் தப்பு, ஆனா பேர் ஒட்டிக்கிச்சு. இதே எர்லிஷுக்குத்தான் நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக 1908ல நோபல் பரிசு கிடைச்சுது.

இங்க ஒரு சுவாரசியம். எர்லிஷ் 1872லேர்ந்து கொஞ்ச காலம் படிச்சது ஸ்ட்ராஸ்பர்க்ல. அதே 1872ல அதே ஊர்ல பேராசிரியரா வந்து சேர்ந்தவர் ரெக்லிங்ஹவுசன். முதல்ல பாத்தவரும் பின்னாடி பேர் வெக்கப் போறவரும் ஒரே வளாகத்துல நடமாடியிருக்காங்க.

அந்த ஸ்ட்ராஸ்பர்க்லேர்ந்துதான் 1882ல ரெக்லிங்ஹவுசன் ஒரு புத்தகம் போடறார். உடம்பு பூரா மெத்து மெத்துன்னு கட்டி உள்ள ரெண்டு பேரை ஆராய்ஞ்சு எழுதினது. இந்த மாதிரி நோயாளிகளைப் பத்தி அதுக்கு முன்னாடியே எழுதியிருக்காங்க, டப்ளின்ல ராபர்ட் ஸ்மித் 1849லயே விவரமா எழுதினார். ஆனா தோல்ல தெரியற கட்டியும் உள்ளே நரம்புல இருக்க கட்டியும் ஒண்ணுதான், தோல் கட்டி கிளம்பறதே நரம்பைச் சுத்தியிருக்க உறையிலேர்ந்துதான்னு தெளிவா நிறுவினது ரெக்லிங்ஹவுசன். அதனால ரொம்ப காலம் இந்த நோய்க்கு அவர் பேர்தான்.

'யானை மனிதன்' ஜோசப் மெரிக் ஞாபகம் இருக்கா? 1980ல டேவிட் லிஞ்ச் படமா எடுத்தாரே. 1890ல செத்துப்போன அவருக்கும் இந்த நோய்தான்னு இருபதாம் நூற்றாண்டுல பெரும்பகுதி எல்லாரும் நம்பினாங்க. 1986ல ரெண்டு கனடா டாக்டர்கள், அது புரோட்டியஸ் சிண்ட்ரோம்ங்கிற வேற நோயா இருக்கணும்னு எழுதினாங்க. ஆனா அதுக்குள்ள, இந்த நோய் வந்தா அப்படி ஆயிடுவோமோன்னு எத்தனை குடும்பம் பயந்து செத்திருக்கும்! அத்தானும் அதைத்தான் முதல்ல கேட்டார்.

சரி, துப்பறியும் கதைக்கு வருவோம். இந்தக் கட்டியைச் சீவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல வெச்சா, நரம்பை மூடியிருக்க ஷ்வான் செல், நார் செல் இதுக்கெல்லாம் நடுவுல அங்கங்க மாஸ்ட் செல் உக்காந்திருக்கு. கொஞ்ச நஞ்சம் இல்ல, தாராளமா. 1976ல பீட்டர் ஐசக்சன், நரம்புறையில வர்ற சாதுவான கட்டிகள்ல இருக்க மாஸ்ட் செல்களைப் பத்தியே தனியா ஒரு கட்டுரை எழுதினார். ரெக்லிங்ஹவுசன் 1863ல பேர் வெக்காம விட்ட செல், 1882ல அவர் எழுதின கட்டிக்குள்ளயே உக்காந்திருந்திருக்கு!

நம்ம தொழில்ல இது பழகின பிரச்சினை. எந்த கிராஷ் ரிப்போர்ட்டைத் திறந்தாலும் அதே ஒரு பிராசஸ் பேர் லாக்ல நிக்கும். அதுதான் சர்வரைக் கவுத்துச்சா? இல்ல, கவுந்த பிறகு சுத்தம் பண்ண வந்துச்சா? லாக்ல பேர் இருக்குங்கிறதுக்காக குற்றவாளின்னு சொல்லிட முடியுமா?

இதுக்கு நடுவுல மாஸ்ட் செல்லோட தொழில் என்னன்னு தெரிய வந்துச்சு. 1953ல ஸ்காட்லாந்து டண்டீயில ஜேம்ஸ் ரைலி, ஜெஃப்ரி வெஸ்ட் ரெண்டு பேரும், அந்த மணிகளுக்குள்ள இருக்கறது ஹிஸ்டமின்னு காட்டினாங்க. தும்மல், தடிப்பு, அரிப்பு எல்லாத்துக்கும் காரணமான அதே ஹிஸ்டமின். மாஸ்ட் செல் நம்ம எதிர்ப்புப் படையோட வாசல் காவல்காரன். சூடு, உரசல், ஒவ்வாமைன்னு எது சீண்டினாலும் மணியை உடைச்சுக் கொட்டிடும். சீப்பால சொறிஞ்சாலும் கொட்டும்.

இதைப் படிச்சப்போதான் எனக்கு அத்தையோட சீப்பு சத்தம் கேட்டுது. அரிக்காதுன்னு சொன்ன கட்டிக்குள்ள அரிப்பு மூட்டையே இருந்திருக்கு.

நோயாளி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட ஒருத்தர் அமெரிக்காவுல இருந்தார், வின்சென்ட் ரிக்கார்டி. ஹூஸ்டன்ல இந்த நோய்க்காகவே தனியா கிளினிக் நடத்தினவர். மாஸ்ட் செல் சும்மா வேடிக்கை பாக்க வரல, கட்டி வளர்றதுலயே அதுக்குப் பங்கு இருக்குங்கிறது அவர் வாதம். கீட்டோடிஃபென்னு ஒரு மாத்திரை. ஆஸ்துமாக்காரங்களுக்கும் அலர்ஜிக்காரங்களுக்கும் கொடுக்கறது, மாஸ்ட் செல்லை மணி உடைக்க விடாம அடக்கி வைக்கும். அதைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பாத்து 1987ல முதல் அனுபவத்தை எழுதினார். 1993ல ஒப்பீட்டுக் குழு வெச்ச ஆய்வு. அரிப்பும் வலியும் குறைஞ்சுது. கட்டி கரைஞ்சு போகல, அது வேற விஷயம். ஆனா அரிப்புங்கிறது அளக்க வேண்டிய ஒண்ணுன்னு ஒருத்தர் எடுத்துக்கிட்டாரே!

அதே காலத்துல, 1990ல, ரெண்டு குழுக்கள் இந்த நோய்க்கான ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. 17வது குரோமோசோம்ல இருக்கு. செல்லை வளரு வளருன்னு விரட்டற ராஸ்ங்கிற ஆக்சிலரேட்டருக்கு இந்த ஜீன்தான் பிரேக். எல்லாருக்கும் ரெண்டு பிரேக் இருக்கும். சுமார் 3000 பேர்ல ஒருத்தருக்குப் பிறக்கும்போதே ஒண்ணு பழுது. இதுல ஏறக்குறைய பாதிப் பேருக்கு குடும்பத்துல யாருக்கும் இருந்திருக்காது, புதுசா வர்றது. ஏதோ ஒரு ஷ்வான் செல்லுல மிச்சமிருந்த ரெண்டாவது பிரேக்கும் போச்சுன்னா அங்க கட்டி கிளம்புது.

அப்படின்னா குற்றவாளி ஷ்வான் செல் மட்டும்தானே? 2002ல டல்லஸ்ல லூயிஸ் பரடாவோட குழு எலிகளை வெச்சுப் பாத்தப்போ கதை திரும்புச்சு. ஷ்வான் செல்லுல மட்டும் ரெண்டு பிரேக்கும் போய், மத்த செல் எல்லாம் முழுசா நல்லா இருந்தா, கட்டி சரியா வரல. சுத்தியிருக்கற செல்லுலயும் ஒரு பிரேக் பழுதா இருந்தாத்தான் கட்டி வருது. அந்தக் கட்டிக்குள்ள வழக்கம்போல மாஸ்ட் செல் கூட்டம். அடுத்த வருஷமே இண்டியானா குழு, பழுதான ஷ்வான் செல் ஒரு ரசாயனத்தை விட்டு மாஸ்ட் செல்லைக் கூப்பிடுதுன்னு காட்டினாங்க. அந்த அழைப்பை மாஸ்ட் செல் வாங்கற ஆன்டெனா பேர் சி-கிட்.

2008ல இன்னும் ஒரு படி. எலியோட எலும்பு மஜ்ஜையை மாத்தி நல்ல மஜ்ஜை வெச்சா கட்டி வரல. சி-கிட் ஒழுங்கா வேலை செய்யாத மஜ்ஜை வெச்சாலும் வரல. சி-கிட்டை அடைக்கிற மருந்து ஏற்கெனவே கடையில இருந்துச்சு, இமாட்டினிப். 2013ல நம்ம சுப்ரீம் கோர்ட் பேட்டன்ட் கிடையாதுன்னு தீர்ப்பு சொன்ன ரத்தப் புற்றுநோய் மருந்து, அதேதான். மூச்சுக்குழலை நெரிக்கிற ஆழமான கட்டியோட இருந்த 3 வயசுக் குழந்தைக்கு அதைக் கொடுத்தாங்க. மூணு மாசத்துல கட்டி சுமார் 70% சுருங்கிச்சு.

கேஸ் முடிஞ்சுதுன்னு நினைச்சீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். 2012ல பெரிய அளவுல 36 பேரை வெச்சு சோதிச்சாங்க. கட்டி 20%க்கு மேல சுருங்கினது 6 பேருக்கு மட்டும். 2019ல இண்டியானாவுலயே கீட்டோடிஃபென்னை எலிகளுக்குக் கொடுத்துப் பாத்தாங்க. கட்டியோட போக்குல மாற்றம் இல்லை. மாஸ்ட் செல் மட்டுமில்ல, மேக்ரோஃபேஜ், டி செல்னு எதிர்ப்புப் படையில பாதி கட்டிக்குள்ள குடியிருக்குன்னும் தெரிஞ்சுது. ஆக, மாஸ்ட் செல் கூட்டாளிங்களில் ஒண்ணா, முக்கியப் புள்ளியான்னு தீர்ப்பு இன்னும் வரல.

முதல்ல ஜெயிச்ச மருந்து வேற வழியில வந்துச்சு. பிரேக் போன வண்டியோட எரிபொருள் குழாயை அடைக்கிற மாதிரி, ராஸுக்குக் கீழ இருக்க மெக்ங்கிற புரதத்தை அடைக்கிற செலுமெடினிப்புக்கு 2020 ஏப்ரல்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. ஆனா அது ஆபரேஷன் பண்ண முடியாத ஆழமான கட்டிக்கு. அத்தைக்கு இருந்த மாதிரி தோல் கட்டிக்குப் பெரும்பாலும் கத்தியும் லேசரும்தான்.

அத்தானுக்கு எல்லாத்தையும் சொன்னேன். தொத்தாது. யானை மனிதன் நோய் இல்லை. ஒரே குடும்பத்துலயே ஒருத்தருக்கு நாலு திட்டோட நின்னுடும், இன்னொருத்தருக்கு நிறைய வரும். வருஷா வருஷம் கண், ரத்த அழுத்தம், முதுகெலும்பு எல்லாம் பாக்கணும். ஒரு கட்டி திடீர்னு வேகமா வளர்ந்தாலோ வலிச்சாலோ காத்திருக்கக் கூடாது.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார், "அப்ப அம்மாவுக்கு நெசமாவே அரிச்சிருக்கு?"

"ஆமா அத்தான். நெசமாத்தான்."

"எனக்கும் அரிக்கும் மாப்ள. சொன்னதில்ல."

அத்தான் எப்பவும் முழுக்கை சட்டைதான் போடுவார். அவர் சொறிஞ்சு நான் பாத்ததே இல்லை. இருபது வருஷமா பழகறேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போறேன். ரெண்டு பேரையும் நல்ல ஒரு தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். பாப்பாவுக்கு இப்ப நாலு வயசு. எப்பவாவது அரிக்குதுன்னு சொன்னா, மனசுன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்கன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரணும்.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் கடையில போய் கீட்டோடிஃபென் கேக்காதீங்க. மருத்துவம் தெரிஞ்ச நண்பர்கள் யாராவது வந்தா, தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திடறேன் :-)