அச்சில் முந்தியோம், கணினியில் ஏன் பிந்தினோம்?

இந்திய எழுத்தில், இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் தமிழ் நூலே. 1578 ஆம் ஆண்டு கொல்லத்தில் அன்றீக்கு அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களே கொண்டது. எனினும் அதன் பெருமை பெரிது. அத்தகைய தமிழ், கணினி நூலில் மட்டும் பின்தங்கியது ஏன்? வங்கிக் கணக்கும் இரயில் முன்பதிவும் கணினிக்கு மாறி நெடுநாள் ஆயின. ஆனால், 2007 இல் வெளிவந்த கிண்டில் என்னும் படிப்புக் கருவி, 2016 ஆம் ஆண்டின் இறுதியில்தான் தமிழ் நூல்களுக்கு முறையாக இடமளித்தது. கணினித் தொழிலால் பெயர்பெற்ற பெங்களூரில் வாழும் நாம் இதன் காரணத்தை ஆராய்தல் தகும்.

புதிய கருவி வந்ததும் நூல் உடனே புதுமை அடைவதில்லை என்பதே வரலாறு காட்டும் உண்மை. அச்சு வந்து முந்நூறு ஆண்டுகள் ஆன பின்னரும், ஏட்டில் இருந்தவாறே செய்யுளை அடி பிரிக்காது அச்சிட்ட நூல்கள் பலவாம். பாட வேறுபாடு, அரும்பத விளக்கம் முதலியவற்றோடு 1887 இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த பின்னரே அச்சின் முழுப் பயனைத் தமிழுலகம் கண்டது எனலாம். பொறி முன்னரே வந்தது. அதனை ஆளும் முறை பின்னரே வந்தது.

கணினியிலும் இதுவே நிகழ்ந்தது. பயணச்சீட்டு எவ்வெழுத்தில் இருப்பினும் பயணம் நடைபெறும். நூலுக்கோ எழுத்தே உடல். இரயில்வே ஒரே நிறுவனமாதலின் ஒரே முறையை வகுத்தது. பதிப்புலகமோ ஆசிரியர், பதிப்பாளர், எழுத்துரு செய்வோர், விற்பனையாளர் எனப் பலர் கைப்பட்டது. 1991 இலேயே யூனிகோடு தமிழுக்கு இடம் வகுத்தும், அச்சகங்கள் தத்தமக்கு வாய்த்த வெவ்வேறு எழுத்துருக்களையே நெடுங்காலம் கையாண்டன. 1999 இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு பொதுமுறை காண முயன்றது; எனினும் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010 இல்தான். இடைப்பட்ட காலத்தில் ஓர் அச்சகத்துக் கோப்பு மற்றோர் அச்சகத்தில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது.

நம் நகரத்து இந்திய அறிவியல் கழகத்தை மையமாகக் கொண்டு 2000க்குப் பின் தொடங்கிய இந்திய மின்னூலகத் திட்டம் அரும்பணியே. ஆயினும் அங்கும் பக்கங்கள் படங்களாகவே பதியப்பட்டன. படத்துள் ஒரு சொல்லைத் தேடி எடுத்தல் எளிதன்று. அத்தளம் பிற்காலத்தில் நின்றுபோயிற்று. பிறர் படியெடுத்துச் சேமித்தமையால் அந்நூல்களுட் பல இன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் வாழ்கின்றன.

பதிப்பாளரின் தயக்கத்தையும் நாம் குறை கூறுதற்கில்லை. விற்பனை சிறிது, ஒரு மின்படி விலையின்றிப் பலவாய்ப் பெருகிவிடுமோ என்னும் அச்சமோ பெரிது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமையும் உண்டு. ஆகவே புதுமை வணிகத்திற்கு வெளியே பிறந்தது. 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர் ஊதியம் கருதாது பழைய நூல்களைத் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, யாவர்க்கும் வழங்கினர்.

எனவே, குறை பொறியில் இல்லை. கூடி ஒரு முறையை ஏற்கும் மனத்தில் உள்ளது. செல்லரித்த சுவடிகளை எண்ணி இன்றும் வருந்துகிறோம். 1990களின் எழுத்துருக் கோப்புகளும் திறப்பார் இன்றி அவ்வாறே அழிந்துகொண்டிருக்கின்றன. செல் அரிப்பது கண்ணுக்குத் தெரியும், இவ்வழிவோ தெரியாது. தமிழ்ச் சங்கங்கள் தத்தம் பழைய மலர்களையேனும் பொது எழுத்துக்கு மாற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சேமித்து வைக்குமாயின், அதுவே நம் காலத்துச் சுவடி காக்கும் பணியாகும்.