உறைவிடப் பயிற்சியில் சிறப்புத்துறை மாற்றம்

உறைவிடப் பயிற்சியில் சிறப்புத்துறை மாற்றம் என்பது, மருத்துவப் பட்டம் பெற்றபின் ஒரு சிறப்புத்துறையில் பயிற்சியைத் தொடங்கிய மருத்துவர், அப்பயிற்சி முடிவதற்குள் அதனை விட்டு வேறொரு சிறப்புத்துறையின் பயிற்சிக்குச் செல்வதைக் குறிக்கும். இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவில் நிலவும் நடைமுறையை விளக்குகின்றது. அங்கு இம்மாற்றத்துக்குத் தடை ஏதும் இல்லை. எனினும் நிதி, விசா ஆகியவை பற்றிய விதிகள் பலவும் மருத்துவர் முதலில் தெரிவு செய்த துறையையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. ஆகவே எத்துறையிலிருந்து எத்துறைக்கு, எப்போது மாறுகிறார் என்பதைப் பொறுத்து மாற்றத்தின் கடினம் பெரிதும் வேறுபடும்.

பின்னணி

1889 இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர், வில்லியம் ஹால்ஸ்டெட் ஆகியோர் வகுத்த பயிற்சிமுறையே இன்றைய உறைவிடப் பயிற்சிக்கு முன்னோடி ஆகும். பயிற்சி மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கியிருந்தமையால் இப்பெயர் ஏற்பட்டது. இன்று உள்மருத்துவம், குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவம் ஆகியவற்றுக்கு 3 ஆண்டுகளும், மனநல மருத்துவம், மகப்பேறு மருத்துவம் ஆகியவற்றுக்கு 4 ஆண்டுகளும், பொது அறுவை மருத்துவத்துக்கு 5 ஆண்டுகளும், நரம்பு அறுவை மருத்துவத்துக்கு 7 ஆண்டுகளும் பயிற்சி தேவைப்படுகின்றது.

முற்காலத்தில் பட்டதாரிகள் பலர் எத்துறையையும் சாராத ஓராண்டுப் பயிற்சியில் பல பிரிவுகளையும் சுற்றி வந்தபின்னரே தமது துறையை முடிவு செய்தனர். இவ்வாறு தனித்து இயங்கிய பயிற்சி ஆண்டு 1975 இல் முடிவுக்கு வந்தது. இடைநிலை ஆண்டு என்னும் பெயரில் அதன் எச்சம் இன்றும் உண்டு. ஆயினும் பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டிலேயே துறையைத் தெரிவு செய்துவிட வேண்டியுள்ளது.

இத்தெரிவு 1952 இல் தொடங்கிய தேசிய அளவிலான பொருத்தத் திட்டத்தின் மூலம் உறுதியாகின்றது. மேட்ச் என வழங்கப்படும் இத்திட்டத்தில் மாணவரும் மருத்துவமனைகளும் தத்தம் விருப்பப் பட்டியலை அளிக்க, கணினி வழிமுறை ஒன்று இருவரையும் இணைக்கின்றது. இவ்வழிமுறையை 1990களில் மறுவடிவமைத்தவர்களுள் ஒருவரான ஆல்வின் ராத், 2012 ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசை லாயிட் ஷாப்லியுடன் பகிர்ந்துகொண்டார். விருப்பங்களைச் செம்மையாகப் பொருத்துவதில் இவ்வழிமுறை சிறந்தது. ஆனால் விருப்பம் பின்னர் மாறக்கூடும் என்பதற்கு அதில் இடமில்லை.

காரணங்கள்

மாணவராக ஒரு பிரிவில் சில வாரங்கள் இருப்பதும், அதே பிரிவில் இரவுப்பணி ஏற்று ஆண்டு முழுவதும் பொறுப்பு வகிப்பதும் ஒன்றல்ல. துறை மாறுவோர் பலரிடமும் காணப்படும் காரணம் இதுவே. பணிநேரம், குடும்பச் சூழல், உடல்நலம், இன்னொரு துறையில் பின்னர் தோன்றிய ஈடுபாடு ஆகியனவும் காரணங்களாகின்றன. 2003 முதல் உறைவிட மருத்துவரின் வேலை, நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மிகாதிருக்க வேண்டும் என்பது விதியாகும். இவ்வரம்பும் பிற தொழில்களில் உள்ள வேலைநேரத்தைப் போல இருமடங்கு என்பது கருதத்தக்கது.

பொது அறுவை மருத்துவத்தில் இது அதிகம் ஆராயப்பட்டுள்ளது. 2017 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அத்துறையில் சேர்வோருள் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் தம் பயிற்சியிடத்தை விட்டு நீங்குவதாகக் கணித்தது. நீங்குவோர் அனைவரும் அறுவை மருத்துவத்தையே கைவிடுவதில்லை. சிலர் வேறு மருத்துவமனையில் அதே துறையைத் தொடர்கின்றனர். துறை மாறுவோர் செல்லும் இடங்களுள் மயக்கவியல் முதன்மையானது.

வர்ஜீனியா அப்கார்

இவ்வகை மாற்றத்துக்கு வரலாற்றில் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு வர்ஜீனியா அப்கார் (1909–1974) ஆவார். 1933 இல் கொலம்பியாவில் பட்டம் பெற்று அங்கேயே அறுவை மருத்துவப் பயிற்சியில் சேர்ந்த இவர், அதில் திறமையாகவே செயற்பட்டார். ஆயினும் அறுவைத்துறைத் தலைவர் ஆலன் விப்பிள் மயக்கவியலுக்கு மாறுமாறு இவருக்கு அறிவுரை கூறினார். பெண் அறுவை மருத்துவர்கள் தொழிலில் நிலைபெற இயலாதிருந்த காலம் அது. மயக்கமருந்து கொடுப்பது அன்று பெரும்பாலும் செவிலியரின் பணியாக இருந்தது. மாடிசன் நகரில் ரால்ஃப் வாட்டர்ஸிடமும், பின்னர் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையிலும் பயின்ற அப்கார், 1938 இல் கொலம்பியாவுக்குத் திரும்பி மயக்கவியல் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். மகப்பேற்று அறைகளில் மயக்கவியலாளராகப் பணியாற்றியபோது இவர் வகுத்த, பிறந்த குழந்தையின் நிலையை 0 முதல் 10 வரை மதிப்பிடும் முறை 1953 இல் வெளியானது. அப்கார் மதிப்பெண் என்னும் அம்முறை இன்று உலகெங்கும் பயன்படுகின்றது. இவருடைய மாற்றம் முழுவதும் தன் விருப்பால் நேர்ந்ததன்று என்பதையும் குறிப்பிட வேண்டும்.

நடைமுறை

மேட்ச் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். பயிற்சி தொடங்கி 45 நாட்களுக்குள் முன் அனுமதியின்றி விலகுவது ஒப்பந்த மீறலாகக் கருதப்படும். அதன் பின்னர் மாற விரும்புவோருக்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, மீண்டும் மேட்ச்சில் பங்கேற்பது; முன்பயிற்சி பெற்ற மருத்துவர்களுக்கென ஒதுக்கப்பட்ட இரண்டாம் ஆண்டு இடங்களும் அதில் உண்டு. மற்றொன்று, யாரேனும் விலகியதால் இடையில் காலியான இடத்துக்கு நேரடியாக விண்ணப்பிப்பது.

முதல் வழியில் காலம் பெரும் இடர்ப்பாடாகும். பயிற்சி ஆண்டு பொதுவாக சூலை 1 இல் தொடங்குகின்றது. அடுத்த சூலையில் வேறு துறையில் சேர வேண்டுமாயின், செப்டம்பர் இறுதிக்குள் விண்ணப்பம் ஆயத்தமாக இருத்தல் நன்று. அதாவது, ஒருவர் பணியில் சேர்ந்து மூன்று மாதங்களுக்குள் தமது தெரிவு தவறு என்று உணர்ந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் உணர்பவர் ஓராண்டு காத்திருக்கவோ காலியிடம் தேடவோ நேரிடும்.

புதிய இடத்தார் ஏற்பதற்கு முன், முந்தைய பயிற்சி பற்றிய சரிபார்ப்பையும் திறன் மதிப்பீட்டையும் பெறுதல் வேண்டும் என்பது பயிற்சிகளுக்கு ஏற்பளிக்கும் மன்றத்தின் விதி. எனவே தற்போதைய பயிற்சித்திட்ட இயக்குநருக்குத் தெரியாமல் மாற்றத்தை நிறைவேற்ற இயலாது. ஒப்பந்தங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுபவை. மாறும் எண்ணத்தை வெளியிட்டபின் புதிய இடம் கிடைக்காவிடில், பழைய இடத்தில் தம் நிலை என்னவாகும் என்னும் அச்சம் பலரை வாய் திறவாமல் வைத்துள்ளது.

நிதி

உறைவிடப் பயிற்சிக்கான செலவில் பெரும்பகுதியை, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர் ஏற்கின்றது. 1997 ஆம் ஆண்டுச் சட்டம், இவ்வாறு ஆதரிக்கப்படும் இடங்களை மருத்துவமனை வாரியாக 1996 அளவில் நிறுத்தியது. பின்னர் சிறிய அளவிலேயே இடங்கள் கூட்டப்பட்டன.

ஒவ்வொரு மருத்துவருக்கும் அவர் முதலில் சேர்ந்த துறையின் குறைந்தபட்சப் பயிற்சிக் காலம், அதிகபட்சம் 5 ஆண்டுகள் வரை, தொடக்கக் காலமாகக் குறிக்கப்படும். அக்காலம் முடிந்தபின் நேரடிக் கொடுப்பனவில் அவர் அரை ஆளாகவே கணக்கிடப்படுவார். துறை மாறினாலும் இக்காலம் மாறாது. இதனால் விந்தையான ஏற்றத்தாழ்வு எழுகின்றது. அறுவை மருத்துவத்தில் 2 ஆண்டுகள் பயின்றபின் குடும்ப மருத்துவத்துக்கு மாறுபவருக்கு, மீதி 3 ஆண்டுகளுக்கும் முழுக் கொடுப்பனவு உண்டு. உள்மருத்துவத்தில் 2 ஆண்டுகள் இருந்துவிட்டு அறுவை மருத்துவத்தை முதலாண்டிலிருந்து தொடங்குபவருக்கோ, ஓராண்டு மட்டுமே முழுக் கொடுப்பனவு. எஞ்சிய 4 ஆண்டுகளும் பாதியே. மறைமுகக் கொடுப்பனவு என்னும் மற்றொரு பகுதி இவ்வாறு குறைக்கப்படுவதில்லை. ஆகவே மருத்துவமனைக்கு ஏற்படும் இழப்பு பொதுவாக எண்ணப்படுவதைவிடச் சிறியதே.

முன்பயிற்சியின் மதிப்பு

பழைய துறையில் கழித்த காலம் புதிய துறையில் எவ்வளவு ஏற்கப்படும் என்பதை அந்தந்தச் சான்றளிப்பு வாரியத்தின் விதிகள் வரையறுக்கின்றன. இத்தகைய வாரியங்கள் 24 உள்ளன. மயக்கவியல், கதிரியல் போன்றவற்றுக்குப் பொதுவான மருத்துவப் பயிற்சி ஓராண்டு முதலில் தேவை என்பதால், அறுவை மருத்துவத்தில் முதலாண்டை முடித்தவருக்கு அவ்வாண்டு பெரும்பாலும் வீணாவதில்லை.

வெளிநாட்டுப் பட்டதாரிகள்

இந்தியா, இலங்கை முதலிய நாடுகளில் பட்டம் பெற்று ஜே-1 விசாவில் பயிற்சிக்குச் செல்வோருக்குக் கட்டுப்பாடு மிகுதி. அவர்கள் துறையை ஒருமுறை மட்டுமே, அதுவும் அவ்விசா நிலையில் சேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் மட்டுமே மாற்றலாம் எனக் குடிவரவுச் சட்டம் கூறுகின்றது. குறிப்பிட்ட துறையில் பயின்றவர் நாட்டுக்குத் தேவை என்னும் கடிதத்தைத் தாய்நாட்டு அரசு அளிக்க வேண்டும். இந்தியருக்கு இதனை நடுவண் அரசின் நலவாழ்வு அமைச்சகம் வழங்குகின்றது. துறை மாறினால் புதிய துறையைக் குறிப்பிட்டு வேறு கடிதம் பெறுதல் வேண்டும். பயிற்சியின் மொத்தக் காலமும் பொதுவாக 7 ஆண்டுகளைத் தாண்டலாகாது. ஆகையால் அறுவை மருத்துவத்தின் மூன்றாம் ஆண்டில் மனம் மாறும் அமெரிக்கக் குடிமகன் மனநல மருத்துவத்துக்குச் செல்ல இயலும்; அவருடன் அதே நாளில் ஜே-1 விசாவில் சேர்ந்த சென்னைப் பட்டதாரிக்கு அவ்வழி மூடப்பட்டுவிடும்.