லாஸ்கியின் கடிதம்

அரசியல் அறிவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்காத வீடு நம்மிடையே அரிது. வேறு பாடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் துறையாகவே அதை எண்ணிப் பழகிவிட்டோம். கே. ஆர். நாராயணனின் மாணவப் பருவத்தை வாசிக்கையில் அதே கேள்வி வேறொரு கனத்துடன் நம்மிடம் திரும்பி வருகிறது.

1920இல் கேரளத்தின் உழவூரில், தலித் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். பல மைல் நடந்து பள்ளிக்குச் சென்றார். கட்டணம் கட்ட இயலாத நாட்களில் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டார். 1943இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இலக்கிய முதுகலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். ஆயினும் விரிவுரையாளர் பணி கிட்டவில்லை. சாதியே காரணம் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. பட்டமளிப்பு விழாவை அவர் புறக்கணித்தார். பின்னர் சென்னையில் 'தி இந்து'விலும், பம்பாயில் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'விலும் இதழாளர் வாழ்க்கை. 1945இல் ஜே. ஆர். டி. டாட்டாவின் உதவியோடு லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குக் கப்பலேறினார். அங்கே அவர் சிறப்புப் பாடமாகக் கொண்டது அரசியல் அறிவியல்.

சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப், கிரகாம் வாலஸ், பெர்னார்ட் ஷா ஆகியோர் 1895இல் தொடங்கிய கல்விக்கூடம் அது. 1926 முதல் அங்கே அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்தவர் ஹெரால்டு லாஸ்கி. அரசியலுக்கும் ஓர் இலக்கணம் உண்டென்று தம் நூலுக்கே அவ்வாறு பெயரிட்டவர் (இலக்கணம் என்றதும் நமக்குச் சற்று நெருக்கம் கூடிவிடுகிறது!). வி. கே. கிருஷ்ண மேனனும் அவரிடம் பயின்றவரே.

1948இல் படிப்பு முடிந்தபோது, கேளாமலேயே நேருவுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதித் தந்தார் லாஸ்கி. தில்லியில் நேருவைச் சந்தித்த நாராயணன் சில நிமிடங்கள் லண்டனைப் பற்றிப் பேசினார். விடைபெறும் தறுவாயில்தான் கடிதத்தை நீட்டினார். நாடாளுமன்றத்தின் வட்டத் தாழ்வாரத்தில் பாதி தூரம் போயிருப்பார், பின்னால் கைதட்டும் ஒலி. நேரு அழைத்துக்கொண்டிருந்தார். இதை ஏன் முதலிலேயே தரவில்லை என்று கேட்டார். 1949இல் நாராயணன் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார்.

நெஞ்சைத் தொடும் காட்சிதான். ஆனாலும் நம்மால் முழு மனத்துடன் மகிழ முடியவில்லை. முதலிடம் திறக்காத கதவை ஒரு கடிதம் திறந்திருக்கிறது. அவரைப் போலவே படித்து, அத்தகைய கடிதம் வாய்க்காதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு வரலாற்றில் பெயரில்லை.

கடிதம் தந்தது பணியை மட்டுமே. படிப்பு என்ன தந்தது என்பதை அறிய நாம் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டும். 1997 அக்டோபரில், உத்தரப் பிரதேச அரசைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவருமாறு மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவராயிருந்த நாராயணன் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை பின்வாங்கியது. மறு ஆண்டு பீகார் குறித்து, வேறொரு கட்சியின் தலைமையிலான அமைச்சரவையிடமிருந்து அதே பரிந்துரை வந்தது. அதையும் திருப்பி அனுப்பினார்.