கண் எரியுது, மீட்டர் மட்டும் 'நன்று' என்கிறதே... காற்றுத்தர கருவிக்கு மூச்சடைத்தால் என்ன ஆகும்?

கரும்புச் சோகையை எரித்த புகை வீடு வரை வருது, கண் எரியுது. ஆனால் மொட்டை மாடியில் மாட்டிய காற்றுத்தர கருவி பச்சை நிறத்தில் 'நன்று' என்கிறது. பாப்பிரெட்டிப்பட்டி மாதிரி கரும்பு விளையும் ஊர்களில் இப்படி நடந்தால், கருவிக்குள் காற்று போகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

எப்படி அளக்கிறது?

பிளான்டவர் பிஎம்எஸ் 5003 போன்ற விலை குறைந்த சென்சார், தீப்பெட்டியைவிட கொஞ்சம் தடிமனானது. உள்ளே இருக்கும் குட்டி ஃபேன் காற்றை இழுக்கும். அதில் வரும் துகள்கள் மீது லேசர் பட்டு ஒளி சிதறும். அதை வைத்து பிஎம் 2.5 அளவு கணக்கிடப்படும்.

வாயில் சிலந்தி வலையோ குளவிக்கூடோ அடைத்தால் துகள்கள் உள்ளே போகாது. கருவி 'பழுது' என்று சொல்லாமல் எண்ணைக் குறைத்துக் காட்டலாம். வீசிங் உள்ளவர் அதை நம்பி ஜன்னலைத் திறந்து வைத்தால் சிக்கல்தான். இந்தியாவில் பிஎம் 2.5-க்கு 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம்.

அரசு நிலையங்களில் பரவலாக இருக்கும் பீட்டா கதிர் கருவி நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுக்கும். இந்த வேகம் மாறினால் எந்த அளவு துகள் உள்ளே போகும் என்பதே மாறிவிடும். அதனால் அங்கே காற்றோட்டத்தையும் தனியாகச் சரிபார்க்கிறார்கள்.

மழைக்குப் பயந்து மூடி வைக்கலாமா?

கூடாது. பலரும் செய்வது இதைத்தான். மூடிய டப்பாவுக்குள் வைத்தால், வெளியேற்றிய காற்றையே கருவி திரும்ப இழுக்கும். உள்வாயும் வெளிவாயும் தடுப்பால் பிரிந்திருக்க வேண்டும். மேலே கூரை, அடியில் திறப்பு என்றால் மழையும் படாது, காற்றும் வரும். சுவர் மூலை, ஏசி அவுட்டோர் யூனிட், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கம் வேண்டாம்.

எப்படி சோதிப்பது?

ஊதுபத்தியைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். சற்று நேரத்தில் எண் எகிற வேண்டும். அசையாவிட்டால் வாயில் அடைப்பா, ஃபேன் ஓடுதா என்று பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மெல்லிய பிரஷ்ஷால் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்தால் போதும். சென்சாரைப் பிரிக்க வேண்டாம், தண்ணீர் படவே கூடாது.

மார்கழிப் பனியில் எண் ஏறினால் கருவியைக் கழற்றாதீர்கள். நீர்த்துளியையும் தூசியாக எண்ணும் பழக்கம் இதற்கு உண்டு. வெயில் ஏறிய பிறகு எண் இறங்குதா என்று பாருங்கள்.