எல்லை தாண்டினால் பணம்

ரம்ஜான் பெருநாளன்று ஆம்பூரில் தொழுகை முடிந்து வரும் பெரியவர்களிடம் பிள்ளைகள் ‘ஈதி’ எனும் பெருநாள் காசு கேட்டுக் கை நீட்டுவார்கள். பத்து ரூபாயானாலும் சலவை நோட்டாக இருக்க வேண்டும். கசங்கிய ஐம்பதைக் கண்டால் முகம் சுண்டிப்போகும்.

இந்தத் தோல் வட்டாரத்து ஹாஜிகளின் காலத்தில் இதைவிட விசித்திரமான நோட்டு ஒன்று இருந்தது. 1950களில் குவைத்திலும் பஹ்ரைனிலும் நம் ரூபாய்தான் செலாவணி. தங்கக் கடத்தலுக்காக இங்கிருந்து போன ரூபாய், அங்குள்ள வங்கிகள் வழியாக ரிசர்வ் வங்கிக்கே திரும்பிவந்து, நம் அந்நியச் செலாவணியைக் கரைத்தது. 1959இல் சட்டத்தைத் திருத்தி வளைகுடாவுக்குத் தனி நோட்டு அடித்தார்கள். கூடவே ஹஜ் பயணிகளுக்கென்று 10, 100 ரூபாய் நோட்டுகளும் வந்தன. அசோகத் தூண் அதேதான். நிறம் வேறு, ‘ஹெச்.ஏ.’ என்று தொடங்கும் வரிசை எண், முகப்பில் ‘ஹஜ்’ என்ற சொல். பம்பாய்க்கு ரயிலேறி, முகல் லைன் கப்பலில் ஜித்தா போனவருக்கு அங்கே அது பணம். மீதியை ஆம்பூருக்குக் கொண்டுவந்தால் கடைத்தெருவில் ஒரு டீகூட வாங்க முடியாது!

சவூதியின் கதை இன்னும் வேடிக்கை. வெள்ளி ரியால் புழங்கிய அந்நாட்டில் 1953இல் முதலில் வந்த காகிதப் பணமே ‘ஹாஜிகள் ரசீது’தான். அதில் உருதும் அச்சாகியிருந்தது. உருது தெரிந்த வாணியம்பாடிக்காரர் தடுமாறாமல் படித்திருப்பார்.

விசித்திரப் பணத்தில் அயர்லாந்துக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாள். குடிக்குப் பேர்போன அந்த நாளில், 1927 சட்டப்படி பல பத்தாண்டுகள் அங்கே மதுக்கடைகள் மூடியே கிடந்தன. டப்ளின் நாய்க் கண்காட்சியில் மட்டும் சரக்கு உண்டு என்பதால், நாய்மேல் பலருக்குத் திடீர்ப் பாசம் பிறந்தது. அதே மதுக்கடைகள்தாம் 1970இல் வங்கிகள் ஆறு மாதம் வேலைநிறுத்தத்தில் மூடியபோது கைகொடுத்தன. எவர் காசோலை தேறும், எவருடையது தேறாது என்று கடைக்காரருக்கு அத்துப்படி; காசோலைகளே கைமாறிப் பணமாயின. ஆளைப் பார்த்துக் கடனுக்குச் சரக்கு விடும் நம் தோல் மண்டிக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் ஹெச்.ஏ. வரிசை நோட்டு கிடைத்தால் தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள்.